ழவுக்கு எல் போட்ட வீடு

மனிதர்கள் விடும் பெருமூச்சை அளந்து அதற்கு விலை சொல்லும் அலுவலகம் ஒன்று மதுரை மேலமாசி வீதியில், ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. 2047-இல் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. கீழே துணியை மீட்டரில் கிழித்தார்கள். மேலே ஏக்கத்தை மூச்சுக் கணக்கில் நிறுத்தார்கள். ஆயிரம் மூச்சு ஒரு கிலோமூச்சு. அன்றைய கிலோமூச்சு நிலவரத்தைக் காலைச் செய்தியில் தங்கத்துக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் வாசித்தார்கள்.

இணையப் பெயர்களுக்கு விலை வைக்கும் அந்த அலுவலகத்தின் தலைமை மதிப்பீட்டாளர் ஞானதிரவியம். வயது அறுபத்தாறு. ஓய்வு வயதை அரசாங்கம் ரப்பர் மாதிரி இழுத்து எழுபத்திரண்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்ததால் அவருக்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி. பாளையங்கோட்டைக்காரர். கல்யாணம் ஆகாதவர், யாராவது கேட்டால் அறுபது வயது வரைக்கும் "பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று கூசாமல் சொன்னவர். ஆளிடம் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். நாக்கில் ழ வராது. தெற்கத்தி நாக்குகளில் பாதிக்கு வராதுதான், ஆனால் ஞானதிரவியத்துக்கு வராத மாதிரி இன்னொருவருக்கு வராமல் இருக்க முடியாது. அவர் வாழைப்பழம் என்று சொல்ல வாயெடுத்தால் கீழே ஜவுளிக்கடையில் கத்தரிக்கோல் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து செந்தட்டிக்காளை என்ற தக்காளி மொத்த வியாபாரி வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா நாற்பது வருஷத்துக்கு முன்னால் தக்காளி என்ற பெயரிலேயே ஒரு முகவரி வாங்கிப் போட்டிருந்தார். அதை விற்று மகளுக்கு வீடு கட்டலாம் என்று இவருக்கு யோசனை. பெயர் சின்னது, கடைசியில் காம் இருக்கிறது, போனில் சொன்னால் பச்சைப்பிள்ளைகூட எழுதிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஞானதிரவியம் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"இங்கேரும் அண்ணாச்சி, நீரு சொல்லுதது எல்லாம் எங்க சின்ன வயசுக் கணக்கு. அப்பம் ஆளுவ விரலால தட்டுனாங்க. அதனால எளுத்து கம்மியா இருந்தா மவுசு, தப்பில்லாம எளுத வந்தா மவுசு. இப்பம் மனசுல நெனச்ச ஒடனே திரை எளுதிருது. நெனைக்கதுக்கு நீளம் என்ன, குட்டை என்ன?"

"அப்புறம் எதைப் பாத்துத்தான் சார் விலை போடுவீங்க?"

"அந்தப் பேரை நெனைக்கும்போது மனுசன் எவ்வளவு ஏங்குதான்னு பாப்போம். தட்டாத்திரைக்குள்ள அதுக்கு ஒரு முள்ளு இருக்கு. சும்மா நெனச்சா அசையாது. நெஞ்சு வலிச்சாத்தான் ஏறும். தக்காளிக்கு எவன்வே ஏங்குதான்?"

செந்தட்டிக்காளை கொஞ்சமும் தளரவில்லை. "கிலோ எரநூறுக்குப் போகட்டும் சார், அப்ப ஊரே ஏங்கும்," என்றார்.

ஞானதிரவியம் சிரித்துவிட்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். முள் மூன்று மூச்சு காட்டியது. மகள் வீட்டுக்கு ஒரு கதவு வாங்கலாம், கீல் வாங்க முடியாது என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

விரலால் தட்டாமல் நினைத்தாலே எழுதும் தட்டாத்திரை வந்த ஒன்பது வருஷத்தில் உலகம் அப்படித் தலைகீழாகியிருந்தது. எந்தப் பக்கம் திறந்துகிடந்ததோ அதற்கு மதிப்பில்லை. எது மூடிக்கிடந்ததோ அதற்குத்தான். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் ஒரு அல்வாக் கடைக்காரர். தன் முகவரியை ஆறு மாதம் இழுத்து மூடினார். ஊருக்கு எச்சில் ஊறி ஊறித் தாமிரபரணியில் ஓரடித் தண்ணீர் ஏறியது. முகவரியை நூறு மடங்கு விலைக்கு விற்றுவிட்டு அல்வா கிண்டுவதையே விட்டுவிட்டார். பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். பாடகிகள் பாடுவதை நிறுத்தினார்கள். நல்ல டாக்டர்கள் காணாமல் போனார்கள். சிவகங்கையில் ஒரு புருஷன் பெண்டாட்டி தங்கள் கல்யாணப் பக்கத்துக்கு விலை ஏற்றுவதற்காக ஒரு வருஷம் பிரிந்திருப்பது என்று பேசிவைத்துப் பிரிந்தார்கள். விலை நன்றாக ஏறியது. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். இப்போது ஏழாவது வருஷம். பிள்ளை ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அந்தப் பக்கத்துக்கு மதிப்புச் சான்று எழுதிக் கொடுத்தவர் ஞானதிரவியம்தான். எழுதிவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

செந்தட்டிக்காளை படியிறங்கியதும் துணை மதிப்பீட்டாளர் நஸ்ரின் பேகம் உள்ளே வந்தாள். நாற்பது வயது, வாய் நீளம், மனசு அதைவிட நீளம். கையில் ஒரு பட்டியல் இருந்தது. இல்லாத முகவரிகளின் பட்டியல்.

அது அந்த வருஷம்தான் புதிதாக ஆரம்பித்த வியாபாரம். யாரும் வாங்காத ஒரு பெயரை ஒருவர் தேடிப்போனால், "அப்படி ஒரு முகவரி இல்லை" என்று பதில் வருமல்லவா? அந்தப் பதில்கள் எல்லாம் ஆதிகாலத்திலிருந்து எங்கோ ஒரு மூலையில் பதிவாகிக் கிடந்தன. இல்லாத கதவைத் தட்டினவர்களின் பதிவு. அதைத் தோண்டி எடுத்து, எந்தக் கதவை அதிகம் தட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அங்கே கதவைச் செய்து மாட்டிப் பூட்டுப் போட்டால் வேலை முடிந்தது. மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்ட பிறகு பெயர் வாங்குபவருக்குப் போகும். அதுவரை அது யாருடையதும் இல்லை. போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் சோற்றுக் காசுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் மதிப்புச் சான்று இல்லாமல் சந்தையில் விற்க முடியாது. மதிப்பீட்டாளர்கள் மட்டும் கூடாது. செய்தால் உரிமம் போய்விடும்.

வாங்க வந்திருந்தவர் பாலகுருநாதன், விருதுநகர். எண்ணெய் வியாபாரத்திலிருந்து ஏக்க வியாபாரத்துக்கு வந்தவர். நாட்டிலேயே பெரிய ஏக்கப்பண்ணை அவருடையது. பதினோராயிரம் பெயர்களைப் பூட்டிவைத்திருந்தார். நஸ்ரினின் பின்னாலேயே உள்ளே வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"முதல் பேரைப் பாருங்க சார். இந்த மாதிரி சரக்கு நான் பாத்ததே இல்ல. தட்டினது ஒரே ஆளு. முப்பத்தொம்பது வருசமா, தெனமும், ஒருநாள் தவறாம. பதினாலாயிரத்துச் சொச்சம் தடவ. நம்ம ஊரு நேரம் சரியா நாலு பத்துக்கு." அவர் குரலில் கோயிலுக்குள் பேசுவது மாதிரி ஒரு பணிவு வந்திருந்தது. "ஆணோ பெண்ணோ, தங்கமான ஆளு. முள்ளு எட்டுக் கிலோமூச்சு காட்டுது. ஒத்த மனுசன் நெஞ்சுல எட்டுக் கிலோ."

ஞானதிரவியம் அந்தப் பக்கத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும், அதற்காகக் கேட்டார்.

"வெறுமனே பூட்டி வச்சா ஒருநாள் சலிச்சுப் போயிரும் சார். அதனால 'விரைவில்'னு ஒரு வார்த்தை போடுவேன். வாரத்துக்கு ஒரு தடவ அது மின்னும், அணைஞ்சிரும். அந்த ஆளுக்கு மூச்சு மூணு மடங்காகும். சாகுற வரைக்கும் ஓடும். நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணும். இன்னைக்கே நாலு பத்துக்கு 'விரைவில்' தெரியணும்."

பணிவாகக் கும்பிட்டு வெளி அறைக்குப் போனார். ஞானதிரவியம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பட்டியலின் முதல் பெயரைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. ஒய், ஏ, அதற்குப் பிறகு இசட், எச். நடுவில் எம், ஓ. மறுபடி இசட், எச். கடைசியில் ஐ.

யாழ்மொழி.

நாற்காலி கிரீச்சிட்டது. நஸ்ரின் என்னவென்று கேட்டாள். தண்ணீர் வேண்டும் என்றார். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அது 2008. இதே மேலமாசி வீதி, வேறு மாடி. பெயர்களை மலிவாக வாங்கிப்போட்டு விலை ஏறினால் விற்கும் ஒரு கம்பெனியில் பெயர் யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஞானதிரவியம். இன்னொருத்தி பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தமிழ் வாத்தியார் மகள் யாழ்மொழி. பெயரில் ஒன்றுக்கு இரண்டு ழ. வாத்தியார் வேண்டுமென்றே ஞானதிரவியத்தைத் தண்டிப்பதற்காக வைத்த பெயர் மாதிரி இருக்கும். அவர் கூப்பிட்டால் "யாள்மொளி" என்று வரும். அவள் திரும்பவே மாட்டாள். தினமும் நாலு பத்துக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரும். வாளைக்காய் பஜ்ஜி வந்தாச்சு என்று இவர் சொல்லுவார். "வாளைங்கறது மீனு, திரவியம். இன்னைக்கு மீன் பஜ்ஜியா?" என்று கேட்டுவிட்டு, நாக்கை மடித்து மேலண்ணத்துக்குக் கொண்டுபோ, ஒட்டாதே, விட்டுவிடு என்று பாடம் நடத்துவாள். அந்த நாக்கு பாளையங்கோட்டையை விட்டு அசையாது. அவர் வேண்டுமென்றே நாக்கை மடிக்காமல் விட்ட நாட்களும் உண்டு. பாடம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே.

எட்டு மாதம் அவரால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. இவர் கிறிஸ்தவர், அவள் இந்து. அம்மா என்ன சொல்வாளோ, சபையில் என்ன பேசுவார்களோ என்று தள்ளித் தள்ளிப் போட்டார். அவளுக்குக் கோலாலம்பூரில் மாமா வீட்டில் தங்கி வேலை பார்க்க ஏற்பாடாயிற்று. அங்கே மாப்பிள்ளை பார்ப்பதும் அந்த ஏற்பாட்டிலேயே அடக்கம். போவதற்கு முதல்நாள் நாலு பத்துக்கு, ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"நான் கெஞ்ச மாட்டேன். போன் பண்ண மாட்டேன், நீயும் பண்ணாதே. எங்க வீட்டுல எல்லாரும் எல்லார் போனையும் எடுப்பாங்க. என் பேர்ல ஒரு முகவரி வாங்கு. உனக்கு மனசு தெளிஞ்சா அதுல ஒரு வார்த்தை எழுது. தினம் இதே நேரத்துக்கு வந்து பார்ப்பேன்."

அவருக்கு மனசு தெளியப் பதினொரு நாள் ஆயிற்று. அம்மாவிடம் பேசினார், அழுதாள், ஒத்துக்கொண்டாள். அன்றே முகவரி வாங்க உட்கார்ந்தார். அங்கேதான் தொழில் குறுக்கே வந்தது. இசட் எச் போட்டால் ஒன்பது எழுத்து. எல் போட்டால் ஏழு. ஏழு எழுத்துப் பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பு அவருக்குத் தெரியாதா? போனில் சொன்னால் எழுத வருகிறதா என்று பார்க்க ஹைதராபாத் கிளையில் ஒரு ஆளுக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார். அந்த ஆள் எல் போட்டு எழுதினான். தேறிவிட்டது. அவளுக்கு என்று வாங்குவதை விலை மதிப்பானதாகவே வாங்கிவிட்ட பெருமையில் அந்த ஏழு எழுத்து வீட்டைப் பதிவு செய்து, நட்ட நடுவில் "வா" என்று ஒரு வார்த்தையும் அதன் ஓரத்தில் அன்றைய தேதியும் எழுதினார். கீழே, வருகிறவர்கள் எழுத ஒரு வருகைப் பதிவேடும் வைத்தார்.

அவள் வரவில்லை. ஒரு மாதம், ஒரு வருஷம். அவளுக்கு மனசு மாறிவிட்டது என்று முடிவு செய்தார். வீம்பு, போன் செய்யவில்லை. வருகைப் பதிவேட்டில் வழுக்கைக்கு மாத்திரை விற்கிறவர்கள்தான் தினமும் ரஷ்ய மொழியில் எழுதினார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் போய் அவர்களைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அந்த "வா"வைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார். மதிப்பீட்டாளர் வேலையில் சேர்வதற்கு முன்னால் வாங்கியது என்பதால் சட்டம் அந்த வீட்டைக் கண்டுகொள்ளவில்லை.

தமிழ் வாத்தியார் மகள் தன் பெயருக்கு எல் போடுவாள் என்று எப்படி நினைத்தார்? அவளுக்கு அது பெற்ற அப்பனை "டேய்" என்று கூப்பிடுவது மாதிரி. அதைவிட, தான் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்த பாடம் அவனுக்குக் கடைசியில் வந்திருக்கும் என்று நம்பியிருக்கிறாள். முப்பத்தொன்பது வருஷமாக நம்பியிருக்கிறாள். இரண்டு எழுத்து வித்தியாசத்தில் அடுத்தடுத்த வாசல். ஒன்றில் அவர் உள்ளே உட்கார்ந்து வா வா என்கிறார். மற்றதில் அவள் வெளியே நின்று, வீடே இல்லாத இடத்தில் கதவைத் தட்டுகிறாள்.

மணி மூன்று ஐம்பது.

"நஸ்ரின்," என்றார். "நான் ஒரு தப்பு செய்யப் போறேன். நீ கீள போய் டீ குடிச்சிட்டு வா."

அவள் பட்டியலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாலகுரு சாரையும் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு ரெண்டு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தா நாலே கால் வரைக்கும் ஓடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் தட்டாத்திரை முன்னால் உட்கார்ந்து, பதிவுக் கட்டத்தைத் திறந்து, அவள் பெயரை நினைத்தார். திரை எழுதியது. ஒய், ஏ, எல். அழித்துவிட்டு மறுபடி நினைத்தார். மறுபடி எல். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் முகத்தையே நினைத்தார். முள் கிடுகிடுவென்று ஏறியது. எழுத்து எல் என்றே விழுந்தது. திரைமேல் குற்றமில்லை. நாக்கில் இல்லாதது மனசிலும் இல்லை. அவர் அவளை அத்தனை வருஷமும் எல் போட்டுத்தான் ஏங்கியிருந்தார்.

மணி நாலு. அலமாரியின் அடித்தட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு விசைப்பலகை கிடந்தது, விரலால் தட்டுவது. அதன் மேல் படிந்திருந்த தூசியில் ஒரு போகம் கத்தரி போடலாம். துடைத்து, தடவித் தடவி இணைத்தார். ஒற்றை விரலால் குத்தினார். ஒய். ஏ. இசட். அந்த விசை ஒன்பது வருஷமாக யாரும் தொடாததால் இறங்கிவிட்டு மேலே வர மறுத்தது, நகத்தால் நெம்பினார். எச். நாலு ஐந்துக்குப் பெயர் அவருடையது ஆயிற்று. தலைமை மதிப்பீட்டாளர் ஞானதிரவியத்தின் உரிமம் அதே நிமிஷத்தில் காலாவதி ஆகிவிட்டதாக மேல் மூலையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

எதை எழுதுவது? "வா" என்று எழுதக் கை போயிற்று. அறுபத்து மூன்று, நாலு வயதிருக்கும் அவளுக்கு. பிள்ளைகள் இருக்கலாம். வா என்று எந்த உரிமையில் சொல்வது? மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கு நாலு பக்கம் வேண்டும். இருந்தது மூன்று நிமிஷம். கடைசியில் ஒரே வரி குத்தினார்.

"உன் பேரில் ழவுக்கு எல் போட்டு ஒரு வீடு கட்டி, அதில் முப்பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். திரவியம்."

நாலு பத்து. முள் நடுங்கியது. எட்டுக் கிலோமூச்சிலிருந்து ஒன்பது, பத்து, பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மேல் அந்த அளவுகோலில் எண்ணே இல்லை. முள் சுவரில் முட்டி நின்றது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. அவசரமில்லாமல், ஒருவர் தலையிலிருந்து பெரிய சுமையை இரண்டு கையாலும் தாங்கிப் பதனமாகத் தரையில் வைப்பது மாதிரி இறங்கி, பூஜ்யத்தில் போய்ப் படுத்தது.

டீக்கடையிலிருந்து திரும்பிய பாலகுருநாதன் பூஜ்யத்தைப் பார்த்தார். கத்தவில்லை. "எவ்வளவு பெரிய சொத்து சார்," என்றுதான் சொன்னார். சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. பிறகு மேலிடத்துக்குப் புகார் எழுதப் போனார்.

சனிக்கிழமை நாலு பத்துக்கு ஞானதிரவியம் வீட்டிலிருந்தபடி பார்த்தார். அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் வராத முதல் நாள். ஞாயிறும் வரவில்லை. திங்களும் வரவில்லை. இரண்டு எழுத்து தள்ளியிருந்த தன் சொந்த வீட்டுக்கும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தார். மாத்திரைக்காரர்கள் மட்டும் வந்து போயிருந்தார்கள். அவளுக்கு விடை வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. ஏக்கம் தீர்ந்தவர் எதற்கு வருவார்? தான் இத்தனை காலம் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த சூத்திரம்தான். தீர்ந்தால் விலை பூஜ்யம். அவளைப் பாலகுருநாதனிடமிருந்து காப்பாற்றியாயிற்று என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அந்த நெஞ்சு கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளிடமிருந்து தினமும் ஒரு தட்டலாவது இருந்தது, இவருக்குத் தெரியாவிட்டாலும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தன் ஏழு எழுத்து வீட்டைக் கூட்டப் போகவில்லை. முதல் தடவையாகப் போகவில்லை. அடையாள அட்டையை ஒப்படைக்க மேலமாசி வீதிக்குப் போனார். மேசை இழுப்பறையில் அவருடையது என்று இருந்தது ஒரு குடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி தின்ற கடலைமிட்டாய். அவ்வளவுதான்.

நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சார். ஒம்பது வருஷமா மாசா மாசம் அதிகம் ஏங்குற முகவரிங்களோட தென்மண்டலப் பட்டியல்ல ரெண்டாவதா ஒரு பேரு வரும். வந்துபோறது ஒரே ஆளு. காலைல ஆறு மணிக்கு. ஏழு எழுத்து. வெல பேசச் சொல்லி ஏலக்காரங்களுக்கு அனுப்ப வேண்டியது. ஒவ்வொரு மாசமும் நான்தான் அழிச்சேன்."

ஞானதிரவியம் கடலைமிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டின் முள்ளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பயம்.

"உங்க பெருமூச்ச வச்சுக் கயத்தாறுல காத்தாலை ஓட்டலாம் சார்," என்றாள் நஸ்ரின். "யாருன்னு தெரிஞ்சும் நான் கேட்டதில்ல. இன்னைக்குக் காலைல அந்தப் பக்கத்துக்கு ஆறு மணி ஆளு வரல. ஆனா வேற ஒருத்தர் வந்திருக்காங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். "வா" என்ற வார்த்தை பழைய தேதியோடு அதே இடத்தில் நின்றது. அதன் கீழே வருகைப் பதிவேட்டில், வழுக்கை மாத்திரைகளுக்கு நடுவில், சுத்தமான தமிழில் மூன்று வரி.

"யோசிக்க மூணு நாள் எடுத்துக்கிட்டேன், நீ பதினோரு நாள் எடுத்துக்கிட்டியே. வரேன். இப்போ நான் கிழவி. கிளவின்னு கூப்பிட்டா அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

நஸ்ரின் முள்ளைத் தட்டிப் பார்த்தாள். ஏக்கம் தீர்ந்தால் இறங்க வேண்டிய முள், இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. "இது என்ன சார் கணக்கு?" என்றாள். நாற்பது வருஷம் பெயருக்கு விலை போட்டவர், தெரியாது என்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து வெளியே போனாள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நாக்கை மடித்தார். மேலண்ணத்துக்குக் கொண்டுபோனார். ஒட்டவில்லை. விட்டுவிட்டார். கீழே ஜவுளிக்கடையில் கத்தரிக்கோல் நிற்கவில்லை. இன்னொரு தடவை செய்தார். பிறகு திரையைப் பார்த்து, பயந்துகொண்டே, அவள் பெயரை நினைத்தார்.

ஒய் வந்தது. ஏ வந்தது. அதன் பிறகு திரை கொஞ்சம் தயங்கியது.

இசட் வந்தது.